அடையாற்றில் இன்னொரு ஆலமரம்

(டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரின் வாழ்வும், நோயை முன்னே அறியும் படங்களும்)

மூன்றாமாண்டு, மின்னணுவியல் மற்றும் தொடர்பியல் துறை



அடையாறு என்றவுடன் பலருக்கும் நினைவுக்கு வருவது பிரம்மஞான சபைத் தோட்டத்தில் விழுதுவிட்டு நிற்கும் அந்தப் பெரிய ஆலமரம். அதே அடையாற்றில் இன்னொரு ஆலமரமும் இருக்கிறது. 1954-ல் வெறும் 12 படுக்கைகளோடு முளைவிட்டது. இன்று நாட்டின் நாலா பக்கத்திலிருந்தும் ஏழைகளும் பணக்காரர்களும் ஒரே வரிசையில் வந்து நிற்கும் அடையாறு புற்றுநோய் மருத்துவமனைதான் அது. அந்த மரத்தை நட்டவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி.

பாலிடெக்னிக் ஆண்டு மலரில் ஒரு டாக்டர் அம்மாவுக்கு என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். காரணம் இருக்கிறது. அந்த அம்மையாரை உறுத்திய விஷயங்களில் ஒன்று, நோய் உள்ளே எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்பது தெரியாமலே மனிதர்கள் செத்துப் போகிறார்களே என்பது. அதைத் தெரிந்துகொள்ள இன்று கைகொடுப்பவை எக்ஸ்ரே குழாய், பீசோ கிரிஸ்டல், கம்ப்யூட்டர்... எல்லாமே நம்ம லேப் சமாச்சாரம்! ஆகவே இது நமக்கும் உரிய கதைதான்.

புதுக்கோட்டைப் பெண்

1886-ஆம் ஆண்டு ஜூலை 30-ஆம் நாள் புதுக்கோட்டையில் பிறந்தார் முத்துலட்சுமி. தந்தை நாராயணசாமி ஐயர், மகாராஜா கல்லூரி முதல்வர். தாய் சந்திரம்மாள் இசை வேளாளர் குலத்தவர். தேவதாசி முறை என்ற விலங்கு அந்தக் குலத்துப் பெண்கள் பலரின் காலில் கிடந்த காலம் அது. பெரிய மனுஷி ஆனதும் பெண்ணை வீட்டுக்குள் உட்கார வைத்து, மாப்பிள்ளை பார்ப்பதுதான் மற்ற வீடுகளிலும் வழக்கம்.

முத்துலட்சுமிக்கோ படிப்பின் மீது தீராத ஆசை. வீட்டிலிருந்தே படித்து, 1902-ல் மெட்ரிகுலேஷன் தேறினார். அடுத்து கல்லூரி! ஆண்கள் மட்டும் படிக்கிற மகாராஜா கல்லூரியில் ஒரு பெண்ணா? எதிர்ப்பு கிளம்பியது. பெண் வந்தால் பையன்கள் கெட்டுப் போவார்கள் என்று பெற்றோர்கள் கொடி பிடித்தார்கள். புதுக்கோட்டை மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் எதையும் காதில் வாங்காமல் அவரைச் சேர்த்துக் கொள்ளச் சொல்லிவிட்டார். வகுப்பில் அவருக்கும் பையன்களுக்கும் இடையே திரை கட்டினார்கள். திரைக்குப் பின்னால் உட்கார்ந்து பாடம் கேட்டார். பாடம் திரையைத் தாண்டி வந்தது. அவரும் தாண்டி வந்தார்.

1907-ல் சென்னை மருத்துவக் கல்லூரி. அங்கே அறுவை சிகிச்சைப் பேராசிரியராக இருந்த ஓர் ஆங்கிலேயக் கர்னல், தன் வகுப்பில் பெண்களுக்கு இடமில்லை என்று இருந்தவர். தேர்வில் அந்தப் பாடத்திலேயே முத்துலட்சுமி முதலாவதாக வந்தபிறகு அவர் மனம் மாறினார். பெண்களுக்கு வகுப்புக் கதவு திறந்தது. சண்டை போடாமல் மார்க் ஷீட்டைக் காட்டி ஜெயித்த கதை இது!

1912-ல் டாக்டர் பட்டம். சென்னை அரசு மகப்பேறு மற்றும் கண் மருத்துவமனையில் முதல் பெண் ஹவுஸ் சர்ஜன் ஆனார். 1914-ல் டாக்டர் சுந்தர ரெட்டியை மணந்தார். தன்னைச் சமமாக நடத்த வேண்டும், பொதுக் காரியங்களுக்குக் குறுக்கே நிற்கக் கூடாது என்று முன்கூட்டியே பேசிவிட்டுத்தான் சம்மதித்தாராம். அந்தக் காலத்தில் அப்படி ஒரு நிபந்தனை போட எவ்வளவு துணிச்சல் வேண்டும்!

தங்கை சுந்தராம்பாள்

இனிதான் வாழ்க்கையின் திருப்புமுனை. அவருக்கு சுந்தராம்பாள் என்று ஒரு தங்கை. மகள் போல் வளர்த்தவர். அந்தத் தங்கைக்கு வயிற்றுப் போக்கு வந்தது. சீதபேதி என்று நினைத்து அதற்குரிய மருந்தைக் கொடுத்தார்கள். குணமாகவில்லை. மலக்குடலில் புற்றுநோய் என்று தெரிந்தபோது காலம் கடந்துவிட்டது. சின்ன வயதிலேயே தங்கை போய்ச் சேர்ந்தாள். அக்கா டாக்டர். அத்தான் டாக்டர். ஊரில் பெரிய பெரிய டாக்டர்கள் எல்லாம் தெரிந்தவர்கள். இருந்தும் முடியவில்லை.

யோசித்துப் பாருங்கள். கையில் வைத்தியம் இருந்தும், உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்கக் கண் இல்லை. அந்தத் துக்கம் அவரை விட்டுப் போகவே இல்லை. சாதாரணமாக நாம் துக்கத்தை அழுது தீர்த்துவிடுவோம். அவர் அதை ஒரு கட்டடமாகக் கட்டினார். அதற்கு முப்பது வருஷம் பிடித்தது.

1925-ல் அரசு உதவித்தொகையில் லண்டன் சென்றார். செல்சீ பெண்கள் மருத்துவமனையில் பயிற்சி எடுத்தார். அங்கே புற்றுநோய்க்கென்றே தனியாக ஒரு மருத்துவமனை இயங்குவதைப் பார்த்தபோது, நம் ஊரிலும் இப்படி ஒன்று வரவேண்டும் என்ற எண்ணம் உறுதிப்பட்டது.

சட்டசபையில் முதல் பெண்

திரும்பி வந்தவரைச் சென்னை சட்ட மேலவைக்கு நியமித்தார்கள். முதல் பெண் உறுப்பினர்! 1927-ல் மேலவைத் துணைத் தலைவராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார். தேவதாசி முறையை ஒழிக்கத் தீர்மானம் கொண்டு வந்தார். ஊரெல்லாம் எதிர்ப்பு. விடவில்லை. முழுமையான தடைச் சட்டம் 1947-ல்தான் வந்தது. ஆனால் அதற்கு முதல் கடப்பாரை போட்டவர் அவர்தான். உப்புச் சத்தியாக்கிரகத்தில் 1930-ல் காந்தியடிகள் கைதானதும் பதவியைத் தூக்கி எறிந்தார். தேவதாசி முறையிலிருந்து தப்பி வந்த பெண்களுக்குத் தங்க இடம் கிடைக்காதபோது தன் வீட்டுக் கதவையே திறந்துவிட்டார். அதுதான் பிறகு அவ்வை இல்லம் என்று வளர்ந்தது.

12 படுக்கைகள்

1935-ல் சென்னை மருத்துவக் கல்லூரிக்கு நூறாண்டு நிறைந்தது. அந்த விழாவில் புற்றுநோய்க்குத் தனி மருத்துவமனை வேண்டும் என்ற தன் எண்ணத்தை வெளியிட்டார். கேட்டவர்கள் கை தட்டியிருக்கலாம். பணம் வரவில்லை. புற்றுநோய் வந்தவன் எப்படியும் சாகப் போகிறான், அவனுக்கு எதற்குத் தனி ஆஸ்பத்திரி என்ற நினைப்பு படித்தவர்களிடமும் அதிகாரத்தில் இருந்தவர்களிடமும்கூட இருந்த காலம். அந்த நினைப்போடுதான் அவருடைய பெரிய யுத்தமே.

1949-ல் இந்திய மாதர் சங்கத்தின் சார்பில் புற்றுநோய் நிவாரண நிதி தொடங்கினார். அறுபது வயதைத் தாண்டிய அம்மையார் வீடு வீடாகப் படியேறினார். சிறிது சிறிதாகக் காசு சேர்ந்தது. 1952 அக்டோபர் 10-ல் பிரதமர் நேரு அடிக்கல் நாட்டினார். 1954 ஜூன் 18-ல் மருத்துவமனை திறக்கப்பட்டது. வெளிநாட்டில் பயிற்சி பெற்று வந்த அவரது மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தி பொறுப்பேற்றார். 1955-ல் டாக்டர் சாந்தா வந்து சேர்ந்தார். அரசு வேலை தேடி வந்தும் அதை விட்டுவிட்டு இங்கே வந்தவர் அவர். ஐம்பதுகள் முடிவதற்குள் கோபால்ட் கதிர்வீச்சுக் கருவியும் வந்தது. நாட்டிலேயே அப்படிப்பட்ட கருவியை முதன்முதலில் பார்த்த மருத்துவமனைகளில் இதுவும் ஒன்று.

1956-ல் பத்மபூஷண். 1968 ஜூலை 22-ல், 82-ஆவது பிறந்த நாளுக்கு எட்டு நாள் இருக்கும்போது அம்மையார் மறைந்தார். மரத்தை மகனும் சாந்தா அம்மாவும் காத்தார்கள். டாக்டர் கிருஷ்ணமூர்த்தி 2010-லும், டாக்டர் சாந்தா 2021-லும் மறைந்துவிட்டார்கள். விழுதுகள் நிற்கின்றன.

பாலிடெக்னிக்கில் படித்தவர் கண்ட ஒளி

இனி நம் பக்கத்துக்கு வருவோம். எக்ஸ்ரே கதிரைக் கண்டுபிடித்த ரான்ட்ஜன் எங்கே படித்தார் தெரியுமா? சுவிட்சர்லாந்தில் சூரிச் பாலிடெக்னிக்கில்! 1868-ல் மெக்கானிக்கல் எஞ்சினியரிங்கில் டிப்ளமோ வாங்கினார். இனிமேல் யாராவது டிப்ளமோதானே என்று இழுத்தால் இதைச் சொல்லுங்கள். 1895 நவம்பரில் அவர் எக்ஸ்ரேயைக் கண்டபோது புதுக்கோட்டை முத்துலட்சுமிக்கு ஒன்பது வயது.

1913-ல், அதாவது அம்மையார் டாக்டராகி ஒரு வருஷம் கழித்து, பெர்லினில் ஆல்பர்ட் சாலமன் என்ற அறுவை மருத்துவர் ஒரு காரியம் செய்தார். புற்றுநோய்க்காக வெட்டி எடுத்த சுமார் 3,000 மார்பகங்களை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார். கட்டி எப்படி இருக்கிறது, அக்குள் பக்கம் எப்படிப் பரவுகிறது என்று ஒப்பிட்டார். படத்தில் வெள்ளைப் பொடி தூவியதுபோல் சுண்ணாம்புப் புள்ளிகள் தெரிந்தன. இன்று மேமோகிராம் பார்க்கிற டாக்டர்கள் தேடுவதும் அந்தப் புள்ளிகளைத்தான். ஆனால் அவர் பார்த்தது எல்லாம் வெட்டிய பிறகு. வெட்டும் முன்னே பார்ப்பது எப்படி? அந்தக் கேள்விக்கு விடை தேட உலகத்துக்கு இன்னும் ஐம்பது வருஷம் ஆனது. மார்பகத்துக்கென்றே தனி எக்ஸ்ரே மெஷின் வந்தது 1960-களின் பிற்பாதியில். அம்மையார் கண்மூடிய காலம்!

நெஞ்சு எக்ஸ்ரேக்கு 100 கிலோவோல்ட் அக்கம்பக்கம் கொடுப்பார்கள். மேமோகிராமுக்கு 25 முதல் 35 வரைதான். ஏன் தெரியுமா? மார்பில் எலும்பு கிடையாது. எல்லாமே மென்மையான திசு, கொழுப்பு. சக்தி அதிகமான கதிர் இரண்டையும் ஒரே மாதிரி துளைத்துவிடும். படத்தில் வித்தியாசம் தெரியாது. சக்தி குறைந்த கதிர்தான் கட்டிக்கும் கொழுப்புக்கும் உள்ள சின்ன வித்தியாசத்தைப் பிரித்துக் காட்டும்.

முதல் வயலும் கடைசி வயலும்

மார்பில் கட்டி வந்தால் ஆளைக் கொல்வது பெரும்பாலும் அந்தக் கட்டி அல்ல. அது மற்ற உறுப்புக்குப் பரவுவதுதான் கொல்கிறது. பரவுகிற வழியில் முதலில் வருவது அக்குள். காலில் புண் வந்தால் தொடை இடுக்கில் நெறி கட்டுகிறது அல்லவா? அதே மாதிரி மார்புக்குரிய நெறிகள் அக்குளில் இருக்கின்றன. அவற்றை நிணநீர் முடிச்சுகள் என்று புத்தகத்தில் போட்டிருப்பார்கள்.

ஒரு காலத்தில் அக்குளில் நோய் போயிருக்கிறதா இல்லையா என்று வெளியிலிருந்து தெரியாது. எனவே எதற்கும் இருக்கட்டும் என்று எல்லா முடிச்சுகளையும் அள்ளி எடுத்துவிடுவார்கள். அமெரிக்காவில் ஹால்ஸ்டெட் என்ற மருத்துவர் 1880-களில் தொடங்கிய முறையில் மார்போடு நெஞ்சுத் தசையையும் சேர்த்து எடுத்தார்கள். பல பத்தாண்டுகள் உலகம் முழுக்க அதுதான் வழி.

எங்க ஊர் குருவிகுளத்துல, எங்க தெருவுலயே ஒரு பெரியம்மா இருக்காங்க. ரொம்ப வருஷத்துக்கு முன்னாடி டவுன்ல ஒரு பெரிய ஆஸ்பத்திரியில ஆபரேஷன் ஆச்சு. உயிர் பிழைச்சாங்க, சாமி புண்ணியம். அக்குள்ல முடிச்சு எல்லாத்தையும் எடுத்ததுனால வலது கை மட்டும் தூண் மாதிரி வீங்கியிருக்கும். நிணநீர் வடிய வழியில்லாம தேங்கி நிக்குது. கரிசக்காட்டுல பருத்தி எடுக்கவும் மிளகா பறிக்கவும் போன கை அது. இப்ப குடம் தூக்க முடியாது. வளையல் ஏறாது. கல்யாண வீட்டுக்குப் போனா சேலை முந்தானையால கையை மூடிக்குவாங்க. அன்னைக்கு இருந்த வைத்தியம் அதுதான், யாரையும் குறை சொல்றதுக்கில்ல. ஆனா அக்குள்ல நோய் இல்லன்னு முன்னாலயே தெரிஞ்சிருந்தா அந்தக் கை இன்னைக்கும் வேலை செஞ்சிருக்குமோ என்ற கேள்வி என்னை விடல. அந்தக் கேள்விதான் என்னை இந்தக் கட்டுரை எழுத வைத்தது.

இதற்கு மருத்துவம் இரண்டு பதில்கள் கண்டிருக்கிறது.

முதலாவது, 1990-களில் வந்த காவல் முடிச்சுப் பரிசோதனை. கண்மாய் மடையைத் திறந்தால் தண்ணீர் வாய்க்காலில் முதலில் பாய்வது முதல் வயலுக்கு. முதல் வயல் காய்ந்து கிடந்தால் கடைசி வயலுக்கு எங்கே தண்ணீர் போயிருக்கும்? அதே கணக்குதான். கட்டிக்குப் பக்கத்தில் நீலச் சாயமோ, லேசான கதிரியக்க மருந்தோ செலுத்துகிறார்கள். அது போய்ச் சேரும் முதல் முடிச்சை மட்டும் எடுத்துச் சோதிக்கிறார்கள். அதில் நோய் இல்லை என்றால் மற்ற முடிச்சுகளைத் தொடுவதில்லை. கை தப்பிக்கிறது.

இரண்டாவது, அந்த முதல் முடிச்சையும் வெட்டாமல் படத்திலேயே பார்ப்பது. இதில் முன்னால் நிற்பது அல்ட்ராசவுண்ட். நம்ம லேப்பில் பஸ்ஸருக்குள் இருக்கும் பீசோ தகட்டின் பெரியண்ணன்தான் அந்தக் கருவியின் முனையில் இருப்பது. காதுக்கு எட்டாத ஒலியை உள்ளே அனுப்பி, எதிரொலியைப் பிடித்து, படமாக்குகிறது. கதிர்வீச்சு கிடையாது. நல்ல முடிச்சு மொச்சை விதை மாதிரி நீளவாக்கில், நடுவில் கொழுப்போடு தெரியும். நோய் புகுந்த முடிச்சு உருண்டு போகும். ஓரம் 3 மில்லிமீட்டருக்கு மேல் தடிக்கும். நடுக் கொழுப்பு மறையும். சந்தேகம் வந்தால் அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டே மெல்லிய ஊசியை விட்டு, துளி எடுத்துச் சோதிக்கலாம். கத்தியே வேண்டாம்.

எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் மருந்து செலுத்திப் பார்க்கும்போது, கெட்ட கட்டி பலவும் அதை வேகமாக உறிஞ்சி வேகமாக வெளியே விடுகிறது. ஏறி இறங்கும் அந்த வேகத்தை வரைபடமாகப் போட்டுப் பார்க்கிறார்கள். கெப்பாசிட்டர் சார்ஜ், டிஸ்சார்ஜ் வரைபடம் போட்டவர்களுக்கு இது புரியாமல் போகாது! இப்போது அடுத்த படியாக, கட்டியின் படத்தைக் கம்ப்யூட்டரிடம் கொடுத்து, ஓரம் எப்படி, உள்ளே சொரசொரப்பு எப்படி என்று நூற்றுக்கணக்கான அளவுகளை எடுக்கச் சொல்லி, அக்குளுக்குப் பரவியிருக்குமா என்று ஆபரேஷனுக்கு முன்பே கணிக்கும் ஆராய்ச்சி பல நாடுகளில் நடக்கிறது.

படத்தை நம்பலாமா?

நியாயமான கேள்வி. இத்தாலி உள்ளிட்ட சில நாடுகளில் இதைச் சோதித்தே பார்த்துவிட்டார்கள். கட்டி 2 சென்டிமீட்டருக்குள் இருந்து, அக்குள் அல்ட்ராசவுண்டில் சுத்தமாகத் தெரிந்த 1,405 பெண்கள். ஒரு பாதிப் பேருக்குக் காவல் முடிச்சை எடுத்தார்கள். மறுபாதிக்கு அக்குளைத் தொடவே இல்லை. முடிவு 2023-ல் வெளிவந்தது. ஐந்தாண்டில் நோய் தூர உறுப்புகளுக்குப் பரவாமல் வாழ்ந்தவர்கள் முதல் பாதியில் 97.7 சதவீதம், இரண்டாம் பாதியில் 98 சதவீதம். வித்தியாசமே இல்லை என்று சொல்லிவிடலாம்.

அதற்காகப் படமே எல்லாம் சொல்லிவிடும் என்று எண்ணிவிடக் கூடாது. முடிச்சுக்குள் நோய் கடுகளவு இருந்தால் அல்ட்ராசவுண்டுக்குத் தெரியாது. கம்ப்யூட்டர் சொல்வது ஒரு கணிப்பு. எந்த நாட்டுப் பெண்களின் படத்தை வைத்துப் பழக்கினார்களோ அவர்களுக்குச் சரியாக இருப்பது, நம் பெண்களுக்கும் அப்படியே பொருந்தும் என்று சொல்ல முடியாது. ஆகவே இன்றும் சந்தேகமான இடத்தில் ஊசிப் பரிசோதனையும் காவல் முடிச்சும்தான் தீர்ப்புச் சொல்கின்றன. இன்னொன்றையும் கவனியுங்கள். அந்தச் சோதனையில் இருந்தவர்கள் எல்லாம் கட்டி சின்னதாக இருக்கும்போதே வந்தவர்கள். நம் நாட்டில் பல பெண்கள் வருவது கட்டி முற்றிய பிறகு. எவ்வளவு நல்ல மெஷின் வந்தாலும், அதன் முன்னால் ஆள் வந்து நின்றால்தானே படம் எடுக்கும்?

வாய் திறக்க வேண்டும்

இங்கேதான் அம்மையாரின் கதை மறுபடியும் வருகிறது. இந்தியப் பெண்களுக்கு இன்று அதிகமாக வரும் புற்றுநோய் மார்பகப் புற்றுநோய்தான். ஆனா எங்க பக்கம் பொம்பளைங்க மார்புல கட்டி இருக்குன்னு புருஷன்கிட்டகூடச் சொல்ல மாட்டாங்க. வலி இல்லாத கட்டி, தானா கரையும்னு மஞ்சளையும் சுண்ணாம்பையும் பத்துப் போட்டுட்டு இருப்பாங்க. சொன்னா மகளுக்கு மாப்பிள்ளை அமையாதுன்னு பயம். ஆரம்பக் கட்டி வலிக்காது என்பதுதான் அதன் சூழ்ச்சியே.

புதுக்கோட்டையில் கட்டிய திரை இன்னும் முழுசாக அவிழவில்லை. அன்று அது படிப்புக்குக் குறுக்கே இருந்தது. இன்று வைத்தியத்துக்குக் குறுக்கே இருக்கிறது.

நாம் என்ன செய்யலாம்? பெரிதாக ஒன்றுமில்லை. 30 வயதைத் தாண்டிய பெண்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே மார்பகப் பரிசோதனை செய்கிறார்கள். காசு கிடையாது. சந்தேகம் இருந்தால் மேமோகிராமுக்கும் ஸ்கேனுக்கும் பெரிய அரசு மருத்துவமனைக்கு எழுதித் தருவார்கள். சிகிச்சைக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. இதை நம் அம்மாவிடமும் அக்காவிடமும் அத்தையிடமும் சொல்ல வேண்டும். பெண் பிள்ளைகள் மட்டும் சொன்னால் போதாது. ஆண் நண்பர்களே, நீங்களும் சொல்லுங்கள்! அம்மாவைக் கூட்டிக்கொண்டு போவதில் என்ன வெட்கம்? கட்டி, தோல் சுருக்கம், காம்பு உள்ளிழுத்தல், ரத்தக் கசிவு, அக்குளில் நெறி - இவற்றில் எது இருந்தாலும் அறுப்பு முடியட்டும், கோவில் கொடை முடியட்டும் என்று தள்ளிப் போடக் கூடாது.

நம் துறை நண்பர்களுக்கு இன்னொரு வார்த்தை. ஸ்கேன் மெஷின் பழுதானால் அதைச் சரி பார்க்க ஆள் வேண்டும். அது ரிப்பேராகி மூலையில் கிடக்கிற ஒவ்வொரு நாளும் யாரோ ஒரு தாய் வரிசையிலிருந்து வெறுங்கையோடு திரும்புகிறாள். மருத்துவக் கருவிப் பராமரிப்பு என்பதும் ஒரு வைத்தியம்தான். டாக்டர் ஆக முடியவில்லையே என்று ஏங்குகிறவர்கள் இதை யோசிக்கலாம்.

ஜூலை 30, அம்மையாரின் பிறந்த நாள். அதைத் தமிழக அரசு மருத்துவமனை தினமாக அறிவித்திருக்கிறது. வருகிற ஜூலை 30-ல் நம் பேரவை சார்பில் ஒரு சிலைக்கு மாலை போடுவதை விட, ஆளுக்கு ஒரு பெண்ணையாவது சுகாதார நிலையத்துக்கு அழைத்துச் செல்வோம். தங்கையை இழந்த ஓர் அக்காவுக்கு அதைவிடப் பெரிய மரியாதை என்ன இருக்க முடியும்?

வருமுன் காப்போம்! வந்தாலும் முன்னே அறிவோம்!